நாலாவதும் நமக்குத்தான்

டெல்மர் வால்ட்னருக்கு ஐம்பத்தொன்பது வயது. அதில் இருபத்தோரு வருஷத்தை வெஸ்ட் ஃபோர்க் கல்லூரியின், பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணிக்குக் கொடுத்திருந்தார். அவர் அறைக் கதவில் தாக்குதல் பயிற்சியாளர் என்று எழுதியிருக்கும். ஆனால் மைதானத்தில் வெள்ளைக் கோடு போடுவதும், ஹெல்மெட்டில் கழன்ற திருகை மாற்றுவதும், வெளியூர் ஆட்டத்துக்குப் போகிறவர்களின் பட்டியலை எழுதுவதும் அவர் வேலைதான். தெற்கு டகோட்டாவில் சோளமும் சோயாவும் ஆட்டுப்பட்டியும் போக மீதி இருந்த இடத்தில் கட்டிய கல்லூரி அது. அங்கே யாருக்கும் ஒரு வேலை மட்டும் கிடையாது.

அணி தொடர்ந்து இருபத்தொன்பது ஆட்டம் தோற்றிருந்தது. மூன்று வருஷத்தில் ஒரு வெற்றிகூட இல்லை. காலையில் தானியக் கிடங்கின் காபி மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் இப்போது அவரைக் கேலிகூடச் செய்வதில்லை. "இந்த வாரம் எங்கப்பா போறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மழையைப் பற்றிப் பேசப் போய்விடுவார்கள். டெல்மருக்குக் கேலியே தேவலை என்று இருந்தது.

தோற்பதற்குக் காரணம் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லி வாய்தான் வலித்தது. தலைமைப் பயிற்சியாளர் கர்ட் பிரான்ட்வோல்டுக்கு வயது முப்பத்துநாலு. பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் ஆறாவது உதவியாளாக இருந்துவிட்டு வந்தவர். வரும்போது அங்கே ஆடுகிற ஆட்டத்தையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையில் நூற்றறுபது திட்டங்கள். எல்லாம் பந்தைத் தூர எறிகிற திட்டங்கள். தூர எறிவதற்கு, எறிகிறவனுக்கு முன்னால் ஐந்து மலைகள் நிற்க வேண்டும். வெஸ்ட் ஃபோர்க்கின் முன்வரிசையில் நின்றவர்கள் நல்ல பிள்ளைகள், மலைகள் இல்லை. பந்தை எறிய வேண்டிய ட்ரே ஆக்ஸ்னர் ஒவ்வொரு தடவையும் மல்லாக்கப் படுத்துக் கிடந்தான்.

"என்னடா பாத்த?" என்று டெல்மர் கேட்பார்.

"வானம் கோச். இன்னிக்கு நல்லாத்தான் இருக்கு."

டெல்மரின் கணக்கு வேறு. அதை அவர் கர்ட்டிடம் இப்படிச் சொன்னார்: "பலசாலியோட பத்து ரவுண்டு சண்டை போட்டா பத்தும் அவனுக்குத்தான். ரெண்டே ரவுண்டுன்னா அவன் கால் வழுக்கலாம். நாம பந்தைக் கையில வச்சுக்கிட்டு மூணு மூணு கெஜமா முட்டி முட்டிப் போவோம். கடிகாரம் ஓடட்டும். பந்து நம்மகிட்ட இருக்கிற வரைக்கும் அவங்க எப்படிப் புள்ளி எடுப்பாங்க?"

அதோடு நிற்க மாட்டார். அடுத்து வருவதுதான் அவருடைய வேதம். "பத்து கெஜம் போகறதுக்கு எல்லாருக்கும் நாலு தடவை கொடுத்திருக்காங்க. நாம மூணு தடவை முட்டிட்டு, நாலாவதுல பயந்துபோய் பந்தைத் தூக்கி உதைச்சு அவங்க கையிலயே கொடுத்துடறோம். இருக்கிறவன் கொடுக்கலாம். இல்லாதவன் ஏன் கொடுக்கணும்? நாலாவதும் நமக்குத்தான்."

கர்ட் தலையாட்டுவார். தலையாட்டுவதில் குறையே கிடையாது. செப்டம்பரில் ஒருமுறை சரி என்றார். ஆட்டத்தில் முதல் நாலாவது முயற்சி வந்தது. ஒரே கெஜம்தான் வேண்டும். கர்ட் கட்டைவிரல் நகத்தைக் கடித்தார். "கோல்பி" என்று கூப்பிட்டார். பந்தைத் தூர உதைக்கும் கோல்பி என்ஸ் ஓடிவந்து உதைத்தான். அக்டோபரில் மறுபடியும் சரி என்றார். அந்தத் தடவை அரைக் கெஜம். "காத்து நம்ம பக்கம் அடிக்குது டெல்மர், வீணாக்க வேண்டாம்," என்று சொல்லிக் கோல்பியைக் கூப்பிட்டார். அன்று டெல்மர் தொப்பியைக் கழற்றிப் புல்லில் அடித்தார். தொப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. தோள்தான் ஒரு வாரம் வலித்தது.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய திங்கட்கிழமை கர்ட் அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

"கதவைச் சாத்துங்க. அடுத்த வருஷத்துக்குத் தாக்குதலுக்கு ஒரு ஆள் பாத்திருக்கேன்," என்றார் கர்ட். "சின்ன வயசு. நல்லா எறிய வைப்பான். உங்களை நான் அனுப்பல. நீங்க கோடு போடறது, பசங்களைச் சேக்கறது, அதெல்லாம் பாத்துக்கலாம்."

டெல்மர் நாற்காலியில் உட்காரவில்லை. "ஒரு ஆட்டம்கூட நான் சொன்ன மாதிரி ஆடிப் பாக்கல."

"ரெண்டு ஆட்டம் ஆடினோம்."

"ரெண்டுலயும் நீ நகத்தைக் கடிச்ச. அது என் ஆட்டம் இல்ல, உன் நகத்தோட ஆட்டம்."

கர்ட் சிரித்துவிட்டார். நல்ல மனுஷன், அதுதான் எரிச்சலே. பிறகு சொன்னார்: "சரி. சனிக்கிழமை பிரைஸ் கல்லூரியோட ஆட்டம் உங்களுது. நாலாவதுல உதைக்க மாட்டேன். ஜெயிச்சா அடுத்த வருஷமும் தாக்குதல் உங்க கையில. தோத்தா அந்தப் பையன் வருவான், அப்புறம் இந்த நாலாவது கதையை என்கிட்ட நீங்க பேசக்கூடாது."

"நகம்?"

"கையுறை போட்டுக்கறேன்."

டெல்மர் நம்பவில்லை. மூன்றாவது தடவையும் நம்புகிற அளவுக்கு அவர் முட்டாள் இல்லை. புதன்கிழமை பட்டியல் எழுத உட்கார்ந்தார். வெளியூர் ஆட்டத்துக்கு ஐம்பத்திரண்டு பேருக்கு மேல் சீருடை போடக்கூடாது என்பது அந்தப் போட்டியின் விதி. ஐம்பத்தோரு பெயரை வழக்கம்போல எழுதினார். கோல்பி என்ஸ் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. உதைக்கிறவன் பஸ்ஸிலேயே ஏறவில்லை என்றால், நகத்தை முழங்கை வரைக்கும் கடித்தாலும் கர்ட் யாரைக் கூப்பிடுவார்? அந்த இடத்தில் டூயி கிளைன்சாசர் என்ற முன்வரிசைப் பையனின் பெயரை எழுதினார். டூயி மூன்று வருஷமாக ஒரு வெளியூரும் பார்த்ததில்லை.

கர்ட் போனைக் காதில் வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. அவர் எப்போதுமே படிப்பதில்லை.

இரவுச் சாப்பாட்டில் டெல்மர் மனைவி லவோனிடம் சொன்னார். லவோன் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே பாத்திரத்தில் வைத்தாள்.

"அந்தப் பையன்கிட்ட சொன்னியா?"

"நாளைக்குப் பட்டியலை ஒட்டுவேன். பாத்துக்குவான்."

"அப்போ சொல்லல."

"ஒரே ஒரு ஆட்டம் லவோன்."

"அவங்கம்மா ரெனே உன்னை உரிச்சு உப்பு தடவிடுவா. எனக்கு அதுகூடக் கவலை இல்ல. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல அவ பக்கத்துல உக்காரப் போறவ நான்."

"வேற பெஞ்சுல உக்காரு."

"முப்பது வருஷமா அதே பெஞ்சு. நீ செஞ்ச வேலைக்கு நான் இடம் மாறணுமா?" என்றாள் லவோன். பிறகு சாப்பிட்டு முடியும்வரை அவள் உப்பைக்கூட அவர் பக்கம் நகர்த்தவில்லை.

சனிக்கிழமை காலை பஸ் மூன்று மணி நேரம் ஓடி, அயோவாவில் பிரைஸ் கல்லூரி மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வண்டி நிறுத்தும் இடத்தில் வெஸ்ட் ஃபோர்க் பெற்றோர்கள் மடக்கு மேஜை போட்டு, மின்சாரப் பானைகளில் உதிர்த்த மாட்டிறைச்சியைச் சூடாக வைத்திருந்தார்கள். பக்கத்தில் பன் மூட்டைகள். மேஜைக்குத் தலைமை ரெனே என்ஸ். அவள் விடியுமுன்பே கிளம்பி வந்திருந்தாள். பட்டியல் விஷயத்தைக் கோல்பி அவளிடம் சொல்லியிருக்கவில்லை. வெளியூர் ஆட்டம் ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய பையன்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியில் டூயி இறங்கினான். அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை.

"டெல்மர், என் பிள்ளை எங்க?"

"கோல்பி இந்தத் தடவை வரல ரெனே."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கான். இடம் பத்தல. ஐம்பத்திரண்டு பேர்தான்..."

ரெனே டூயியைப் பார்த்தாள். டூயி பார்வையைப் பன் மூட்டைக்குத் திருப்பினான். "இவ்வளவு பெரிய பஸ்ல என் பிள்ளைக்கு இடம் இல்ல," என்று அவள் நிதானமாகச் சொன்னாள். "நூத்தைம்பது மைல் பானையை மடியில வச்சுக்கிட்டு நான் வந்திருக்கேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் இல்ல. அவனுக்காவது சொன்னீங்களா?"

"பட்டியல் ஒட்டியிருந்தேன்."

"பட்டியல்," என்றாள் ரெனே. அந்த ஒரு வார்த்தையை அவள் சொன்ன விதத்தில் பக்கத்திலிருந்த தகப்பன்மார்கள் இரண்டு அடி நகர்ந்துகொண்டார்கள்.

கர்ட் உடை மாற்றும் அறைக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தார். அவருக்கு இன்னும் தெரியாது.

ஆட்டம் ஆரம்பித்தது. டெல்மர் நூற்றறுபது திட்டங்களில் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டார். பெரும்பாலும் ஒன்றுதான்: ட்ரே பந்தை ஓவன் ஹோஃபரிடம் கொடுக்க வேண்டும், ஓவன் தலையைக் குனிந்துகொண்டு நடுவில் முட்ட வேண்டும். ஓவன் பன்றிப் பண்ணையில் வளர்ந்தவன். அவனைத் தடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். மூன்று கெஜம், இரண்டு கெஜம், மூன்று கெஜம். நாலாவது வந்தது. இரண்டு கெஜம் வேண்டும்.

கர்ட் கையுறையின் நுனியைக் கடித்தார். "கோல்பி!"

யாரும் ஓடிவரவில்லை. பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கோல்பி எங்க?"

"வீட்டுல," என்றார் டெல்மர்.

"வீட்டுலயா? ஏன்?"

"நான் பட்டியல்ல சேக்கல. நீ கையெழுத்துப் போட்டிருக்க."

கர்ட் வாயைத் திறந்தார். சொல்ல வந்தது எதுவாக இருந்தாலும் சொல்ல நேரம் இல்லை. அடுத்த முயற்சியைத் தொடங்க அவர்களுக்கு இருந்தது பன்னிரண்டு வினாடி. ஓவன் முட்டினான். மூன்று கெஜம். டெல்மர் பெருமூச்சு விட்டார். ஏழு நிமிஷத்துக்கும் மேல் பந்து வெஸ்ட் ஃபோர்க்கிடமே இருந்தது. கடைசியில் ஓவன் கோட்டைத் தாண்டி விழுந்தான். ஆறு புள்ளி. அந்த வருஷம் முழுக்க அவர்கள் முன்னணியில் இருந்த முதல் நிமிஷம் அதுதான். பார்க்க வந்த எழுபது எண்பது பேரும் கையிலிருந்த பன்னை விட்டுவிட்டுக் கை தட்டினார்கள். ரெனே தட்டவில்லை.

இப்படிப் பந்தோடு கோட்டைத் தாண்டுவதுதான் டச்டவுன்; அதற்குப் பிறகு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஒரு புள்ளி எடுப்பது வழக்கம். அதற்கென்று தனியாக மைக்கா ஸ்டால் என்ற பையன் இருந்தான். அதிகம் பேசாத பிள்ளை. அவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு டெல்மர் பக்கத்தில் வந்து நின்றான்.

"கோச், பந்தை யார் நிறுத்திப் பிடிக்கறது?"

"இது என்னடா கேள்வி? எப்பவும் பிடிக்கிறவன் பிடிக்கட்டும்."

"எப்பவும் கோல்பிதான் பிடிப்பான்."

டெல்மர் அவனைப் பார்த்தார். ஸ்கோர் பலகையைப் பார்த்தார். மறுபடியும் அவனைப் பார்த்தார்.

உண்மை என்னவென்றால், இருபத்தோரு வருஷத்தில் உதைக்கும் பயிற்சியை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பந்தை உதைப்பது என்றாலே அவருக்கு ஆகாது. மைதானத்தின் அந்தக் கோடியில் உதைக்கிற பையன்கள் கூடினால், முதுகைக் காட்டிக்கொண்டு காபி குடிக்கப் போய்விடுவார். மைக்கா உதைக்கும்போது பந்தை யாரோ ஒருவன் முட்டிபோட்டு நிறுத்தத்தான் செய்தான். அந்த யாரோ யார் என்று அவர் கேட்டதே இல்லை. எந்தச் சின்னக் கல்லூரியிலும் அந்த வேலையைத் தூர உதைக்கிறவனிடம்தான் கொடுப்பார்கள். மற்றவர்கள் திட்டம் படித்துக்கொண்டிருக்கும்போது அவனுக்குத்தான் கை சும்மா இருக்கும். பந்தாட்டம் பார்க்கிற குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

"வியாழக்கிழமையே பட்டியலைப் பாத்திருப்பல்ல, ஏன்டா சொல்லல?"

"நீங்க யோசிச்சுத்தான் செஞ்சிருப்பீங்கன்னு நெனச்சேன் கோச்."

கர்ட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். கத்தவில்லை. "இருபத்தோரு வருஷம்," என்றார். அவ்வளவுதான். ட்ரேயைப் பந்தைப் பிடிக்கச் சொன்னார்கள். பின்னால் வந்த பந்து ட்ரேயின் உள்ளங்கையில் பட்டு, முட்டியில் பட்டு உருண்டது. மைக்கா காற்றை உதைத்துவிட்டுக் கீழே விழுந்தான். ஆறு ஆறாகவே நின்றது.

அதற்குப் பிறகு கர்ட் டெல்மரோடு நேராகப் பேசவில்லை. மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு ட்ரே வழியாகப் பேசினார்.

"நம்ம கோச்சுக்கு அடுத்து என்ன ஆட உத்தேசம்னு கேளு."

"ஓவன் நடுவுலன்னு சொல்லு."

"ஓவன் நடுவுல கோச்."

"எனக்குக் காது கேக்குது ட்ரே."

பிரைஸ் கல்லூரிப் பையன்கள் நிஜமாகவே மலைகள். பந்து கையில் கிடைத்தபோது நாலே எறிதலில் ஏழு புள்ளி எடுத்துவிட்டார்கள். பிறகு வெஸ்ட் ஃபோர்க்கின் ஒரு நாலாவது முயற்சி அரைக் கெஜத்தில் தோற்றது. அதுவும் சொந்தப் பக்கத்தில், முப்பதாவது கெஜத்தில். உதைத்திருந்தால் பந்து மைதானத்தின் மறுகோடிக்குப் போயிருக்கும். பிரைஸ் அதை வாங்கி இன்னொரு ஏழு எடுத்தது. அப்போது பெற்றோர் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"உதைக்க ஒரு ஆள் இருந்தா நல்லா இருந்திருக்கும்ல டெல்மர்?"

திரும்ப வேண்டியதே இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு நாலாவது முயற்சிக்கும் ரெனே அதையே கேட்டாள். அதே சுருதி, அதே நிதானம். முயற்சி பலித்தாலும் கேட்டாள். நாலு கால்மணி ஆட்டத்தின் மூன்றாவது கால்மணியில் பக்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சர்ச்சில் பின்பாட்டுப் பாடிப் பழகியவர்கள். சுருதி சேர்ந்துதான் வந்தது.

ஆனாலும் டெல்மர் சொன்னது நடந்துகொண்டிருந்தது.  பந்து பெரும்பாலும் வெஸ்ட் ஃபோர்க்கிடமே இருந்தது. பிரைஸ் பையன்கள் ஓரத்தில் குளிரில் நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது டச்டவுன் வந்தது. உதைக்க வழியில்லாததால் இரண்டு புள்ளிக்கு முட்டினார்கள், கிடைக்கவில்லை. மூன்றாவது வந்தது, அதில் அந்த இரண்டும் கிடைத்தது. வெஸ்ட் ஃபோர்க் இருபது, பிரைஸ் பதினாலு. கடைசிக் கால்மணியில் பிரைஸ் இன்னொரு ஏழு எடுத்து இருபத்தொன்று ஆக்கியது. ஒரு புள்ளி பின்னால். அந்த ஒரு புள்ளி எது என்று டெல்மருக்குத் தெரியும். முதல் டச்டவுனுக்குப் பிறகு ட்ரேயின் முட்டியில் பட்டு உருண்ட புள்ளி.

மீதி ஆறரை நிமிஷம். ஓவன் முட்டினான், முட்டினான், முட்டினான். அவன் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. பஞ்சை அடைத்துக்கொண்டு மறுபடி முட்டினான். கடிகாரத்தில் முப்பத்தெட்டு வினாடி இருக்கும்போது பந்து பிரைஸின் எட்டாவது கெஜத்தில் நின்றது. நாலாவது முயற்சி. இரண்டு கெஜம் வேண்டும். கர்ட் கடைசி இடைவேளையை எடுத்தார். எல்லாரும் ஓரத்துக்கு வந்தார்கள்.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்று மைதானத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். கம்பங்கள் இருபத்தைந்து கெஜ தூரத்தில் நின்றன. மைக்கா கண்ணை மூடிக்கொண்டு உதைக்கும் தூரம். டச்டவுன் இல்லாமலே நேராக உதைத்து நடுவே போனால் மூன்று புள்ளி, வெற்றி. டெல்மரின் உடம்பு முழுவதும் ஒரே வார்த்தையாக இருந்தது. உதை. இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் அதை வாய்விட்டுச் சொன்னார்.

"ட்ரே பிடிக்கட்டும். உதைச்சிடலாம்."

கர்ட் அவரை நேராகப் பார்த்தார். ட்ரேயின் முட்டியில் பந்து உருண்ட பிறகு முதல் தடவை. "யார் சொல்றது இது?"

"மூணு கெஜத்துக்கு முட்டறது வேற கர்ட். இது கண்ணு முன்னால இருக்கு."

"மைக்கா, ட்ரே பிடிச்சா போகுமா?"

மைக்கா தரையைப் பார்த்தான். "மூணாவது கால்மணியில பந்து அவங்ககிட்ட இருந்தப்ப நாங்க ஓரமா பன்னெண்டு தடவை பிடிச்சுப் பாத்தோம் கோச். ஆறு தடவை நழுவிடுச்சு."

"அந்த ஆறும் நல்லாப் பிடிச்சேன்ல, அதையும் சொல்லுடா," என்றான் ட்ரே.

"அந்த ஆறுல ரெண்டு தடவை என் காலை உன் விரல் மேல வச்சுட்டேன்."

கர்ட் கையுறையைக் கழற்றித் தரையில் போட்டார். "வருஷம் பூரா நீங்க பேசினீங்க, நான் கேட்டேன். இன்னிக்கு ஆறு தடவை உதைக்க ஆள் இல்லாம நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அஞ்சு தடவை போயிடுச்சு. இப்ப எனக்குப் பழகிப்போச்சு, நீங்க பயப்படறீங்க. என்ன ஆடணும்னு சொல்லுங்க. ட்ரேகிட்ட இல்ல, என்கிட்ட."

 டெல்மருக்குப் புதிதாக ஏதாவது செய்யலாமா என்று தோன்றியது. பக்கவாட்டில் ஓடுவது, எறிவதுபோல ஏமாற்றுவது. அந்த நூற்றறுபதும் தலைக்குள் சுற்றியது. பிரைஸ் பையன்கள் எல்லாரும் நடுவில் நெருக்கி நிற்பார்கள். ஓவன் அங்கேதான் வருவான் என்று அவர்களுக்குத் தெரியும், அவர்கள் வீட்டு நாய்க்கும் தெரியும்.

"ஓவன் நடுவுல," என்றார்.

ஓவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான்.

முட்டினான். பதினெட்டு இருபது பேர் ஒரே குவியலாக விழுந்தார்கள். பந்தைக் குவியலுக்கு அடியிலிருந்து எடுக்கவே நேரம் ஆனது. நடுவர்கள் பத்து கெஜச் சங்கிலியைக் கொண்டுவந்து நீட்டினார்கள். சங்கிலி முனையில் இருந்த கோலைத் தாண்டிப் பந்தின் மூக்கு ஒரு சாண் வெளியே நின்றது. போதும். புதிதாக நாலு முயற்சி. அடுத்ததில் ஓவன் ஒரு கெஜம் போனான். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பையன்கள் மூச்சிரைக்க மறுபடி வரிசையில் நின்றார்கள். பிரைஸ் மொத்தமும் ஓவனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ட்ரே பந்தை அவனிடம் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டு, இடது பக்கம் போய்க் கோட்டுக்கு மேல் சாய்ந்தான். டெல்மர் அப்படிச் சொல்லவில்லை. ட்ரே கேட்கவும் இல்லை. இருபத்தாறுக்கு இருபத்தொன்று. மிச்சம் ஆறு வினாடி. அந்த ஆறு வினாடியும் ஒருவழியாகப் போனது.

பையன்கள் கத்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார்கள். டூயி ஒரு நிமிஷம்கூட ஆடவில்லை. ஆனால் எல்லாருக்கும் முன்னால் ஓடினான். டெல்மர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் எழுந்து போனபோது உள்ளூர் வானொலிக்காரர் கர்ட்டின் வாய்க்கு முன் மைக்கை நீட்டியிருந்தார். "உதைக்கிற ஆளையே வீட்டுல விட்டுட்டு வந்திருக்கீங்க. இப்படி ஒரு துணிச்சல் எப்படி வந்துச்சு கோச்?"

கர்ட் டெல்மரை ஓரக்கண்ணால் பார்த்தார். "வாரம் முழுக்க யோசிச்சோம்," என்றார். "சில நேரம் பின்னாடி போற பாலத்தைக் கொளுத்திட்டுத்தான் முன்னாடி போகணும்."

 பாலத்தைக் கொளுத்தியது நான்தான் என்று டெல்மர் சொன்னால், பந்தைப் பிடிக்கிறவனும் அந்தப் பாலத்தின் மேல்தான் நின்றிருந்தான் என்பதையும் சொல்ல வேண்டி வரும்.

வண்டி நிறுத்தும் இடத்தில் ரெனே கர்ட்டைப் பிடித்துக்கொண்டு, என் பிள்ளையை விட்டுவிட்டு வர யோசித்தது நீங்களா என்று கேட்டாள். துணிச்சல்காரர் உடனே டெல்மர் பக்கம் கையைக் காட்டினார். ரெனே எல்லாப் பையன்களுக்கும் பன்னைப் பிளந்து, இறைச்சியை அள்ளி அள்ளி வைத்துக் கொடுத்தாள். டெல்மர் முறை வந்தது. வெறும் பன்னைக் காகிதத் தட்டில் வைத்து நீட்டினாள்.

"இறைச்சி?"

"பட்டியல்ல உங்க பேரு இல்ல."

அவர் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த வெறும் பன்னைத் தின்றார். வெற்றி பெற்ற அணியின் பயிற்சியாளர் சாப்பிடுகிற சாப்பாடு இதுதானா என்று டூயி பார்த்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் சர்ச் முடிந்ததும் லவோன் அவரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கோல்பியிடம் கொண்டுபோய் நிறுத்தினாள். கோல்பி கோட்டை மாட்டிக்கொண்டு நின்றான். உயரமான, ஒல்லியான பையன்.

"நான் உன்கிட்ட சொல்லியிருக்கணும்," என்றார் டெல்மர்.

"பரவால்ல கோச். ஜெயிச்சோம்ல." கோல்பி கோட்டின் பொத்தானைப் போட்டான். தப்பான துளையில் போட்டுவிட்டு மறுபடி கழற்றினான். "பட்டியல்ல என் பேரு இல்லன்னு ரெண்டு தடவை பாத்தேன். விட்டுப்போச்சுன்னு நெனச்சு வியாழக்கிழமை உங்க ரூமுக்குக்கூட வந்தேன். நீங்க கோடு போடப் போயிருந்தீங்க."

 லவோன் டெல்மருக்கு உதவிக்கு வரவில்லை. தன் பெஞ்சில் போட்டிருந்த குஷனை எடுக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை கர்ட் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்தச் சின்ன வயசுக்காரனுக்கு வேண்டாம் என்று போன் செய்துவிட்டார். அடுத்த வருஷமும் தாக்குதல் டெல்மரிடம். கைகூடக் குலுக்கினார். டெல்மர் கதவு வரைக்கும் போய்விட்டார்.

"டெல்மர், ஒண்ணே ஒண்ணு," என்றார் கர்ட். "முதல் ஆட்டத்துக்கு மட்டும் கோல்பியைக் கூட்டிட்டுப் போயிடுவோம். என்ன ஆனாலும் ஒரு ஆள் கைவசம் இருக்கட்டும்."

டெல்மர் கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்றார். நகம் திரும்ப வந்துவிட்டது. கோல்பி வந்தால் கர்ட் அவனை உதைக்கக் கூப்பிடுவார். கோல்பி வராவிட்டால் பந்தைப் பிடிக்க ஆள் கிடையாது. இந்த முடிச்சைப் போட்டது வேறு யாரும் இல்லை. இதற்கு ஒரே வழி, கோல்பியைத் தவிர இன்னும் இரண்டு பேருக்குப் பந்தைப் பிடிக்கத் தெரிய வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கிறவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு, மைதானத்தில் பொடிப்பனி விழுந்துகொண்டிருந்தபோது, டெல்மர் இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக, உதைக்கிற பையன்கள் கூடும் அந்தக் கோடிக்குப் போனார். கோல்பியும் மைக்காவும் காத்திருந்தார்கள். அவர் புல்லில் முட்டிபோட்டார். இரண்டு முட்டியும் இரண்டு விதமாகச் சத்தம் போட்டன. கோல்பி குனிந்து அவர் ஆள்காட்டி விரலைப் பந்தின் உச்சியில் வைத்தான்.

"இவ்வளவுதான். மேல ஒரு விரல். அமுக்காதீங்க. அவன் காலைப் பாக்காதீங்க."

மைக்கா மூன்று அடி ஓடிவந்தான். டெல்மர் கையை இழுத்துக்கொண்டார். பந்து சாய்ந்தது.

"கோச்," என்றான் கோல்பி, பொறுமையை எங்கிருந்தோ வரவழைத்துக்கொண்டு, "உதைக்கறதுக்கு முன்னாடியே கையை எடுத்துட்டா அவன் எதை உதைப்பான்?"

"உதைக்கறவன் காலு என் கைமேல வருதேடா."

"வராது. வந்தாலும் விரல்தான் போகும். எனக்கு ரெண்டு தடவை போயிருக்கு."

டெல்மர் பனியைத் துடைத்துவிட்டுப் பந்தை மறுபடி நிறுத்தினார்.